மூன்றாம் துண்டு

ஜனவரி 6, திங்கள்

ரசாயனக் கம்பெனிக்காரர் ஒருவர் ஆண்டுதோறும் எனக்கு டைரி கொடுப்பார். நான் அதை ரெஞ்சிதத்திடம் கொடுத்துவிடுவேன். அவள் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. கைப்பந்து அணியின் பெயர்ப்பட்டியல் எழுத அவளுக்கு அது உதவும். இந்த ஆண்டு யாரோ அவளுக்கு இதைவிட நல்ல டைரி கொடுத்துவிட்டார்கள். ஆகவே இது என்னிடமே தங்கிவிட்டது.

முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருக்கிறது. பெயர் சற்குணம். வயது ஐம்பத்தாறு. பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியர். ரத்த வகையும் கேட்டிருக்கிறது. அதை எழுதவில்லை.

காலையில் துறைக் கூட்டம். மதியம் தயிர்சாதம், மாவடு. மாலையில் பேச்சித்தாய் ஒரு சோதனை முடிவின் வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றாள். என் ஆராய்ச்சி மாணவி, ஐந்தாம் ஆண்டு, ராதாபுரத்துப் பெண். பெயரில் இருக்கிற பேச்சு வாயில் கிடையாது. படத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறாள் என்று நினைத்துத் திருப்பினேன். சரியாகத்தான் வைத்திருந்தாள்.

ஜனவரி 7, செவ்வாய்

தோசை ஊற்றிக்கொண்டே ரெஞ்சிதம் கேட்டாள், "என்ன, நேத்துலேருந்து மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒன்றுமில்லை, மூன்றாம் துண்டில் ஒரு சிக்கல்" என்றேன்.

"எந்தத் துண்டு? நீலத் துண்டா? அது கொடியில கெடக்கு."

கல்யாணமாகி இருபத்தெட்டு ஆண்டுகளாகியும் நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவளுக்குச் சொன்னதில்லை என்று தெரிந்தது. சொன்னேன். உடம்பின் எல்லா உயிரணுவிலும் ஒரே புத்தகம்தான் இருக்கிறது. எந்தப் பக்கத்தை எப்போது வாசித்துப் படியெடுக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் ஒரு டிஎன்ஏ நீளம் உண்டு. அங்கே சில புரதங்கள் வந்து உட்கார்ந்து, 'படியெடு' என்றோ 'நிறுத்து' என்றோ சொல்லும். நாங்கள் பார்க்கிற மரபணுவுக்கு ஆய்வகத்தில் வாலு என்று பெயர். உயிரணுவைப் பெருகச் சொல்வது அதுதான். அளவோடு படியெடுத்தால் புண் ஆறும். அளவு மீறினால் புற்றுநோய்.

"அதை எப்படிப் பாப்பீங்க?"

வாலுவின் முன்னால் இருக்கிற நீளத்தை ஐந்து துண்டாகப் பிரித்திருக்கிறோம். அதோடு மின்மினிப் பூச்சியின் ஒளி மரபணுவை ஒட்டி, சுண்டெலியின் உயிரணுக்களுக்குள் அனுப்புவோம். படியெடுப்பு கூடினால் வெளிச்சம் கூடும். ஒவ்வொரு துண்டாக வெட்டிவிட்டு வெளிச்சத்தை அளந்தால் எந்தத் துண்டு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். மூன்றாம் துண்டை வெட்டினால் வெளிச்சம் குறையும். ஆகவே அது ஆக்சிலேட்டர். இதைக் கண்டுபிடித்தது நான். பதினைந்து ஆண்டுகளாகப் பலரும் எடுத்துச் சொல்லுகிற கட்டுரை அது.

"சரி, சிக்கல் என்ன?"

"அந்தப் பொண்ணுக்கு வெளிச்சம் கூடுது."

"அப்ப அது பிரேக்குன்னு சொல்லுதா" என்றாள் ரெஞ்சிதம், சட்டென்று.

எனக்கு இன்னொரு தோசை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பசியில்லை.

ஜனவரி 10, வெள்ளி

பேச்சித்தாயிடம் பொறுமையாகச் சொன்னேன். எங்கேயோ குழாய் மாறியிருக்கும், மறுபடி செய்து பார், பொங்கல் முடிந்து பேசலாம். "சரி சார்" என்றாள். ஏற்கெனவே நான்கு முறை செய்தாயிற்று என்பதை ஆய்வகத்தில் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஜனவரி 20, திங்கள்

கூடுகிறது.

ஜனவரி 21, செவ்வாய்

மார்ச் 21-ஆம் தேதி பேச்சித்தாயின் ஆய்வுக்குழு கூடுகிறது. அது முடிந்தால்தான் அவள் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். புனேயில் ஒரு ஆய்வகம் ஜூலையில் அவளை வரச் சொல்லியிருக்கிறது. குழுத் தலைவர் வடிவு மேடம். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவர். வழிகாட்டியின் கட்டுரைக்கு மாணவியின் முடிவு நேர் எதிராக இருந்தால் அவர் சும்மா விடுவாரா? யாருக்குக் கஷ்டம்? பேச்சித்தாய்க்குத்தான்.

அதனால் இன்று ஒரு யோசனை சொன்னேன். யோசனைதான். மற்ற நான்கு துண்டுகளைப் பற்றிய வேலையே ஒரு ஆய்வேட்டுக்குப் போதும். மூன்றாம் துண்டின் படத்தை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடலாமே, பிறகு நிதானமாகப் பார்க்கலாமே என்றேன்.

 அவள், "பாத்தத எப்படி சார் பாக்கலன்னு எழுத?" என்றாள்.

எழுத வேண்டாம், விட்டுவிடத்தான் சொன்னேன் என்றேன். அவள் போய்விட்டாள். மின்விசிறி பெரிதாகச் சத்தம் போடுகிறது. ஆளை வரச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 22, புதன்

காலையில் என் நாற்காலியில் ஒரு வெள்ளைக் கோட்டு மடித்து வைத்திருந்தது. அதன்மேல் ஒரு ஜோடி கையுறை, பெரிய அளவு. பேச்சித்தாய் வாசலில் நின்றாள்.

"நீங்களே ஒரு தடவ உங்க கையால பண்ணிப் பாருங்க சார். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கேன்."

சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றும் பிப்பெட்டை நான் கடைசியாகத் தொட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. கூட்டங்கள், விண்ணப்பங்கள், தேர்வுத்தாள்கள், கலந்தாய்வுகள். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "ஓ, தாராளமா" என்று சொன்னேன்.

கோட்டின் பொத்தான் வயிற்றுக்கு மேலே சேரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

இன்று தொடங்கினேன். அந்தப் பெண்ணின் வேலையைச் சரிபார்க்க மட்டும்தான்; வேறு ஆசையெல்லாம் இல்லை.

கிருமி புகாமல் வேலை செய்ய ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. அதற்குள் கையை மட்டும் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். வளர்ப்பு நீர் இளஞ்சிவப்பாக, ரோஜாப்பூ சர்பத் மாதிரி இருக்கும். அந்த நிறத்தை மறந்தே போயிருந்தேன். பேச்சித்தாய் பக்கத்தில் நின்று பார்த்தாள். நான் பழைய கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வேலை செய்தேன். "சார், உள்ள பேசாதீங்க" என்றாள். இரண்டு முறை சொன்னாள். அவள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

உயிரணு வளர்க்கப் போட்ட என் தட்டுகள் எல்லாவற்றிலும் பூஞ்சை. வெள்ளையாக, பஞ்சு மாதிரி. ஏ.சி. சரியில்லை என்று நினைக்கிறேன்.

பேச்சித்தாயின் தட்டுகளும் அதே அறையில்தான் இருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்று அடிக்கிற திசையைப் பொறுத்தது.

பிப்ரவரி 3, திங்கள்

வாயை மூடிக்கொண்டு வேலை செய்தேன். கை பழகிவிட்டது. பெருவிரலுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது அதற்கே ஞாபகம் வந்துவிட்டது. நல்ல உணர்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஒரு வேலை, அவ்வளவுதான்.

இரவு சாப்பாட்டின்போது ரெஞ்சிதம், "விசிலடிக்கீங்க" என்றாள். இல்லை என்றேன். "குளிக்கும்போது அடிச்சீங்க. ஆபீசுக்குக் கெளம்பும்போதும் அடிச்சீங்க. என்ன, மூணாந்துண்டு சரியாயிட்டா?"

வெள்ளிக்கிழமைதான் தெரியும் என்றேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

குறைகிறது!

மூன்றாம் துண்டை வெட்டிய தட்டுகளில் வெளிச்சம் பாதிக்கும் கீழே. ஒளிமானியில் எண்கள் ஒவ்வொன்றாக வந்தபோது நான் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். பதினைந்து ஆண்டுக்கு முன்னால் பார்த்த அதே சரிவு. ஆக்சிலேட்டர்தான். அது எப்போதும் ஆக்சிலேட்டர்தான்.

ஆய்வகம் முழுவதற்கும் வாழைக்காய் பஜ்ஜி வாங்கிவரச் சொன்னேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். பேச்சித்தாய் இரண்டு எடுத்துக்கொண்டாள். விரலைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"சார், உங்க கூடவே நானும் இந்த வாரம் போட்டேன். அதே டிஎன்ஏ, அதே வளர்ப்பு நீர், அதே இன்குபேட்டர்."

"என்ன வந்தது?"

"கூடுது சார்."

பிப்ரவரி 8, சனி

பஜ்ஜி ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 12, புதன்

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

இருவரும் மறுபடி தொடங்கியிருந்தோம். இந்த முறை ஒரே வேளையில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து. எல்லாவற்றையும் ஒன்றாகவே செய்தோம்.  ஒரே பொருள், ஒரே முறை, இரண்டு பதில் என்றால் இருவரில் ஒருவர் கை பொய் சொல்லுகிறது. அவள் கை என்றால் அவளுடைய ஐந்து ஆண்டுகள் போய்விடும். என் கை என்றால் — அது நடக்காது என்று வைத்துக்கொள்வோம்.

ஒளியை அளப்பதற்கு முன்னால் தட்டுகளை நுண்ணோக்கியில் ஒருமுறை பார்ப்பது வழக்கம். பேச்சித்தாய் தவறுதலாக என் தட்டை எடுத்து வைத்துவிட்டாள். குனிந்து பார்த்தவள், தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"சார், இதென்ன, தட்டுல ஆளே இல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. "ஏன், நல்லாத்தானே இருக்கு. தட்டுல பாதி நிறைஞ்சா போதும். நான் எப்பவும் அப்படித்தான் போடுவேன்."

"பாதிகூட இல்ல சார். அங்கொண்ணு இங்கொண்ணா கெடக்கு."

"உன் தட்டைக் காட்டு" என்றேன்.

அவள் தட்டை வைத்தாள். நான் பார்த்தேன். தட்டில் ஓர் ஊசி விழ இடமில்லை. சுண்டெலி உயிரணுக்கள் ஒன்றோடொன்று தோளுரசி, கூழாங்கல் பாவிய தரை மாதிரி நெருக்கமாகக் கிடந்தன.

"ஏம்மா, இது என்ன தேரோட்டமா? ஏன் இவ்வளவு கூட்டம்?"

"டிஎன்ஏ உள்ள அனுப்புத மருந்து பொட்டியில அப்படித்தான் சார் போட்டிருக்கு. தட்டு நெறஞ்சிருக்கணும்னு."

எங்கள் காலத்து மருந்து வேறு. அது கூட்டத்தில் வேலை செய்யாது. அதனால் மெல்லிசாகப் போட்டுப் பழகினோம். அப்புறம் மருந்து மாறியது. என் கை மாறவில்லை. எத்தனை உயிரணு போட வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. சாம்பாருக்கு உப்பு எவ்வளவு என்று வீட்டுக்கு வீடு கேட்பதில்லை அல்லவா, அப்படி.

நான் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  

"சார்" என்றாள். "இடம் இருந்தா ஆக்சிலேட்டர்."

"கூட்டமானா பிரேக்" என்றேன்.

"ரெண்டும் ஒரே துண்டா சார்?"

"ஏன் இருக்கக் கூடாது? உயிரணு ஒன்றை ஒன்று தொட்டவுடனே அந்தத் துண்டில் உட்காருகிற புரதம் மாறிவிட்டால்?"

அவள் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். நான் ஏதோ சொல்லிவிட்டு முகம் கழுவ வெளியே போனேன். கண்ணில் தூசி.

பிப்ரவரி 13, வியாழன்

பெருமைக்காக எழுதவில்லை, யோசித்துப் பார்த்ததை எழுதுகிறேன். உயிரணு நியாயமாகத்தான் நடந்துகொள்கிறது. சுற்றிலும் இடம் இருந்தால் பெருகு. பக்கத்தில் ஆள் வந்து தொட்டால் போதும், நிறுத்திக்கொள். இரண்டையும் ஒரே துண்டை வைத்து வாலுவுக்குச் சொல்லிவிடுகிறது.

ஆனால் இது இன்னும் ஊகம்தான். தட்டுகளை மாற்றிப் போட வேண்டும். அவள் மெல்லிசாகப் போட வேண்டும், நான் நெருக்கமாக. இரண்டு பேர் கையிலும் இரண்டும் வர வேண்டும்.

வகுப்பில் ஆண்டுதோறும் 'மூன்றாம் துண்டு ஆக்சிலேட்டர்' என்று சொல்லும்போது காலால் தரையை ஒரு மிதி மிதிப்பேன். மாணவர்கள் சிரிப்பார்கள். இனி இரண்டு காலும் வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

வந்துவிட்டது.

என் நெருக்கமான தட்டில், மூன்றாம் துண்டை வெட்டியதும் வெளிச்சம் கூடியது. அவளுடைய மெல்லிய தட்டில் குறைந்தது. என் கையால் அவள் முடிவு. அவள் கையால் என் முடிவு. யார் கையும் பொய் சொல்லவில்லை.

இன்று பஜ்ஜி வாங்கியது பேச்சித்தாய். நான் மூன்று சாப்பிட்டேன். ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் அவளைக் கூப்பிட்டு, "அன்னைக்கு அந்தப் படத்தை விட்டுவிடச் சொன்னேனே" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க யோசனைதானே சார் சொன்னீங்க" என்றாள்.

"ஆமாம். மோசமான யோசனை" என்றேன்.

"சரி சார்" என்றாள். பிறகு அடுத்த வேலையைப் பற்றிப் பேசினோம்.

மார்ச் 5, புதன்

அடுத்த கேள்வியை அவள்தான் கேட்டாள். புற்றுநோய் பிடித்த சுண்டெலி உயிரணுக்கள் கூட்டத்தைப் பார்த்து நிற்பதில்லையே. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு பெருகுகின்றனவே. அவற்றில் மூன்றாம் துண்டு என்ன செய்கிறது?

அந்த உயிரணுக்களை நான் வளர்த்தேன். அவள் ஆய்வேடு எழுத வேண்டும் அல்லவா. அதனால் இந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வேறு காரணம் இல்லை. துணைவேந்தர் அலுவலகத்துக் கூட்டம் ஒன்று இருந்தது. ஜலதோஷம் என்று சொல்லி அனுப்பினேன்.

முடிவு இன்று மாலை. தட்டு காலியாக இருந்தாலும் ஆக்சிலேட்டர், நிறைந்து வழிந்தாலும் ஆக்சிலேட்டர். பிரேக் என்பதே இல்லை. தொடுவது நடக்கிறது, அந்தச் செய்தி மட்டும் மூன்றாம் துண்டுக்கு வந்து சேரவில்லை. வழியில் எங்கே தொலைகிறது என்று தெரிந்தால்... தெரியாது இன்னும். அது வேறு ஒருவர் ஆயுள் வேலை.

வீட்டுக்கு வந்ததும் ரெஞ்சிதத்திடம் சொன்னேன். அவள் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ அந்தப் பொண்ணும் சரி, நீங்களும் சரி" என்றாள்.

"ஆமாம்."

"நல்லவேள. இல்லன்னா வீட்டுல நான்லா மாட்டிக்கிட்டிருப்பேன்."

மார்ச் 19, புதன்

பேச்சித்தாய் ஒத்திகை பார்த்தாள். மெல்லப் பேசுகிறாள். கடைசி வரிசையில் நின்று, "கேக்கல, கேக்கல" என்று கத்தினேன். மூன்றாவது முறை அவள், "சார், நீங்க கத்துறதுல எனக்கே கேக்கல" என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

குழு கூடியது. வடிவு மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சித்தாய் முதல் இரண்டு துண்டுகளைச் சொன்னாள், மூன்றாவதுக்கு வந்தாள். மெல்லிய தட்டு, நெருக்கமான தட்டு, புற்றுநோய்த் தட்டு. மூன்று படமும் திரையில் வந்தபோது மேடம் எழுதுவதை நிறுத்தினார்.

எதிர்பார்த்த கேள்வி வந்தது. "பேச்சித்தாய், ஒண்ணு கேக்கணும். அப்போ சற்குணம் சாரோட பழைய கட்டுரை தப்புன்னு சொல்லுதியா?"

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். பல்லி ஒன்று இருந்தது.

"தப்பில்ல மேடம், அது பாதி" என்றாள் பேச்சித்தாய். ஒத்திகையில் இல்லாத குரல். கடைசி வரிசை தாண்டித் தாழ்வாரம் வரைக்கும் கேட்டிருக்கும். "நான் வச்சிருந்ததும் பாதிதான். நான் மட்டும் பண்ணியிருந்தா பிரேக்குன்னு எழுதியிருப்பேன், அது தப்பாப் போயிருக்கும். சார் வந்து அவங்க கையால தட்டு போட்டாங்க. அப்பதான் மேடம் மீதிப் பாதி தெரிஞ்சுது."

மேடம் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களா தட்டு போட்டீங்க? நெசமாவா?"

"சும்மா, சரிபார்க்கத்தான்" என்றேன்.

"முதல் வாட்டி பூஞ்ச வந்துச்சு மேடம்" என்றாள் பேச்சித்தாய்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது. வெளியே வந்ததும் பேச்சித்தாய் ஊருக்குப் போன் போட்டு அழுதுகொண்டே பேசினாள். நான் சற்றுத் தள்ளி நின்று வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூத்திருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

கட்டுரை ஏற்கப்பட்டு அச்சுப்படி வந்திருக்கிறது. முதல் பெயர் பேச்சித்தாய், கடைசிப் பெயர் நான். எப்போதும் உள்ள வழக்கம்தான்.

இந்தக் காலத்துக் கட்டுரைகளின் கடைசியில் யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி போடுகிறார்கள். என் பெயருக்கு நேரே வழக்கமாக 'மேற்பார்வை' என்று மட்டும் வரும். அந்த வரியைப் பேச்சித்தாய் என்னிடம் கேட்காமலே எழுதி அனுப்பியிருக்கிறாள். 'சோதனைகளைச் செய்தவர்கள்: பேச்சித்தாய், சற்குணம்.'

ஊரிலிருந்து அவள் போன் செய்தாள். புனேக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாளாம். "சார், அந்த வரி சரியா இருக்கா?" என்றாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றேன்.

இரவு ரெஞ்சிதம் அறைக்குள் வந்தபோது அந்தக் கடைசிப் பக்கம் என் கையில் இருந்தது. "இன்னும் எத்தன வாட்டிதான் அதையே வாசிப்பீங்க?" என்றாள்.

வாசிக்கவில்லை. அச்சுப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இல்லை.